இனியாவின் அப்பா வந்தால் எங்கே தங்குவார்?

வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு, மெல்பர்னுக்கு மேற்கே நாங்கள் குடியிருக்கும் சன்ஷைன் என்ற பகுதியில், ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் என் அக்கா மகள் கைமாறுவாள். பெயர் இனியா, வயது ஏழு. அக்கா ஸ்டெல்லாவின் காரிலிருந்து இறங்கி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, நாலைந்து கார்கள் தள்ளி நிற்கும் அவள் அப்பாவின் காருக்கு நடந்துபோவாள். ஞாயிறு மாலை அதே இடத்தில் அப்படியே திரும்பி வருவாள். அக்காவும் இறங்கமாட்டாள், அவளைப் பிரிந்து வாழும் பிரகாஷ் மாமாவும் இறங்கமாட்டார். இறங்கக் கூடாது என்று எந்தக் கோர்ட்டு உத்தரவிலும் இல்லை; இருவரும் தாங்களாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இந்த ஊரில் யாருக்கும் இது விசேஷமாகத் தெரியவில்லை. பக்கத்துக் காரில் ஒருவர் டிக்கியில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே இருப்பார்.

போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாமான்கள் நிறைந்த தள்ளுவண்டியோடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். தூறல். பாதி வழியில் இனியாவின் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது. அவள் குனிந்தாள். இரண்டு கார்களின் கதவும் ஒரே நேரத்தில் ஒரு சாண் திறந்தன. மாமா இறங்குகிறார் என்று அக்கா நின்றாள், அக்கா இறங்குகிறாள் என்று மாமா நின்றார். இரண்டு கதவும் மூடிக்கொண்டன. பிள்ளை மழையில் குந்தியபடி தானே கட்டிக்கொண்டு எழுந்து போனது. எனக்கு அந்த யோசனை வந்தது சரியாக அந்த நேரத்தில்தான்: இது போதும், அக்காவையும் இனியாவையும் சென்னைக்கு, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போய்விட வேண்டும். நான் ஒன்று நினைத்தால் அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிற ஆள். வண்டியில் சாமான்கள் நனைந்துகொண்டிருந்தன. நான் அங்கேயே நின்று போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டால், பிள்ளையை வேறு நாட்டுக்குக் கூட்டிப்போய்க் குடியிருக்கத் தாய் மட்டும் முடிவு செய்ய முடியாது. தகப்பன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் குடும்ப நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். பிரகாஷ் மாமா சம்மதிக்கவில்லை. அதோடு, அவர் மனுப் போட்டதில் இனியாவின் பெயர் விமான நிலையத்தின் கண்காணிப்புப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அவளை எந்த வெளிநாட்டு விமானத்திலும் ஏற்ற முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நாட்டிலிருந்து பெற்றோரில் ஒருவர் கொண்டுபோய்விட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்ப நாடுகளுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. அதனால், ‘இந்தியாவுக்குப் போகிறோம்’ என்றாலே இங்குள்ள நீதிமன்றம் இரண்டு தடவை யோசிக்கிறது. போன பிள்ளை வராவிட்டால் கேட்க வழி கிடையாது என்பது அவர்கள் பயம்.

அந்தப் பயம் வீண் என்று சொல்ல வந்தேன், சொல்ல முடியவில்லை. காரணம் என் தாய்மாமா. காசிமேட்டில் படகு வைத்திருக்கும் சேவியர் மாமா. நான் போனில் விஷயத்தைச் சொன்னதுமே அவர் முடிவு சொல்லிவிட்டார்: “இன்னா பாப்பா, இதுக்குப் போயி கோர்ட்டு கீர்ட்டுன்னு பேஜாரு பண்ணிகினு கீற? கிறிஸ்மஸ்ஸுக்கு இட்டுனு வர்றோம்னு சொல்லி இட்டுனு வந்துடு. அப்பால யாரு இன்னா பண்ணிடுவான்?” நான் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்த வழி என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். பட்டியலில் பெயர் இல்லாதிருந்தால் அக்காவை நானே தூண்டிவிட்டிருப்பேனோ என்னவோ. நல்லவேளை, சோதனை வரவில்லை.

அக்காவின் வக்கீல் ஓர் இளம் பெண். இனியா அங்கே எப்படி வாழ்வாள் என்று காட்டும் ஆதாரங்கள் வேண்டும் என்றார்: பள்ளி, வீடு, வைத்தியம், யார் பார்த்துக்கொள்வார்கள். அக்கா முதியோர் இல்லத்தில் நர்ஸ், ஷிப்ட் முறை வேலை. அவளால் நகர முடியாது. எனக்கோ, இங்கே ஜூலையில்தான் குளிர்காலம் என்பதால், பல்கலைக்கழகத்தில் குளிர்கால விடுமுறை. பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் டிக்கெட் போட்டு மூன்று வாரத்துக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

ராயபுரத்தில் இறங்கி வேலை பார்த்த அந்த மூன்று வாரம் மாதிரி நான் எந்தப் பரீட்சைக்கும் உழைத்ததில்லை. மாதா கோயில் பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியை சிஸ்டரிடம் இடம் தருவதாகக் கடிதம் வாங்கினேன். அக்காவுக்கு வேலை தரத் தயாராக இருந்த ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கினேன். எங்கள் வீட்டை அறை அறையாகப் படம் எடுத்தேன். மொட்டைமாடியில் துணிக்கொடியையும் படம் எடுக்கப் போய், கைப்பிடிச் சுவரில் படிந்திருந்த கரியைத் துடைத்துவிட்டு எடுத்தேன். எதிர்மனுவில் பிரகாஷ் மாமா எண்ணூர், மணலி ஆலைகளின் காற்றைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. திருவொற்றியூரில் பிறந்து, அந்தக் காற்றிலேயே பந்து விளையாடி வளர்ந்து, மெல்பர்ன் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கப் போன மனுஷன் எழுதுகிறார், அந்தக் காற்று தன் மகளுக்கு ஆகாதாம்!

அப்புறம் ஆட்களின் கடிதங்கள். இதுதான் என் சொந்த யோசனை, எனக்கு ரொம்பப் பெருமை. வக்கீல் கேட்டது மூன்று. நான் பதினொன்று வாங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் தெருவே எழுத உட்கார்ந்துவிட்டது. கீழ் வீட்டு அந்தோணி அண்ணன் ரயில்வேயில் இருக்கிறார், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கும் அவரே எழுதினார். சேவியர் மாமா சொல்லச் சொல்ல எழுதியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். “எங்க வூட்டுப் புள்ளைக்கு அப்பன் இல்லாத குறையே தெரியாம நாங்க வளத்து ஆளாக்குவோம்னு எழுது. நானு ஒரு அப்பன், அந்தோணி ஒரு அப்பன், மேல மாடி சார் ஒரு அப்பன். எத்தினி அப்பன் ஓணும் அதுக்கு?” எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு கடிதத்திலும் ஏதோ ஒரு விதத்தில் அந்த வரி இருந்தது. அதைவிடப் பெரிய வாக்கை எங்கள் பக்கத்து மனுஷர்களால் கொடுக்க முடியாது.

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய சண்டை. என்ன சண்டை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு காசிமேட்டில் சேவியர் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு மாதம் அங்கேதான். யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து, தினமும் ஆறு மணிக்கு அந்தத் தெருமுனை டீக்கடைக்கு வந்து நிற்பார். மாமா வீட்டுக்குள் வரமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடுவோம். பன் வாங்கித் தருவார், பள்ளிக்கூடத்துச் சமாசாரம் கேட்பார். ஏழு மணிக்கு மாமாவே வாசலுக்கு வந்து சத்தம் போடுவார்: “போதும், புள்ளைங்கள அனுப்பு. நீயும் வூட்டுக்குப் போயி துன்னுட்டுத் தூங்கு நைனா.” அந்த டீயின் காசைப் பல நாள் மாமாதான் கொடுத்தார் என்று பிற்பாடு தெரிந்தது. ஐந்தாவது மாதம் நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அப்பா இறந்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

இதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. கடிதங்களை மொழிபெயர்க்கக் கொடுத்து, கோப்பைக் கட்டி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வக்கீல் பதினொன்றில் மூன்றைத்தான் இணைத்தார். மூன்றிலும் அந்த வரி இருந்தது. எதிர்த்தரப்புக்கும் நகல் போக வேண்டும் என்பது இங்கே விதி. போனது.

பத்து நாள் கழித்து, ரயிலில் வந்துகொண்டிருந்தபோது பிரகாஷ் மாமா கூப்பிட்டார். பிரிந்த பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை.

“ஜெனி, ஒரு சந்தேகம். கேக்கலாமா?”

“சொல்லுங்க மாமா.”

“எனக்குக் காரியம் முடிஞ்சிடுச்சா? இல்ல, இனிமேதான் பண்ணப் போறீங்களா? சொன்னா நானும் லீவு போட்டுட்டு வந்து துன்னுட்டுப் போவேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “இன்னா மாமா பேசுறீங்க?”

“நான் பேசல. உங்க மாமன் பேசிகீறாரு, கோர்ட்டுப் பேப்பர்ல. அப்பன் இல்லாத கொறை. நான் தினம் காலைல எழுந்து வேலைக்குப் போய்கினுதாம்மா கீறேன்.”

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றது மாமா. நல்ல மனசுல சொன்னது.”

“நல்ல மனசுலதான் சொல்லிகீறாங்க, தெரியுது. அதான் பயமா கீது,” என்று வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ராயபுரத்துப் பேச்சு தெரியாத ஆளா இவர், வேண்டுமென்றே குத்துகிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு ட்யூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

வழக்கில் அடுத்தது குடும்ப அறிக்கை. நீதிமன்றம் அமர்த்தும் ஒரு நிபுணர் பிள்ளையையும் பெற்றோரையும் வீட்டிலிருப்பவர்களையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி எழுதுவது. எங்களுக்கு வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கோப்பில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, துணிக்கொடியைக்கூட விசாரித்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். ஸ்டெல்லா வேலைக்குப் போயிருக்கும்போது இனியாவைக் குறிப்பாக யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். “எல்லாரும்,” என்றேன். “அப்படியானால், குறிப்பாக யாரும் இல்லை?” “இல்லை இல்லை, எல்லாரும்!” அவர் எதையோ எழுதிக்கொண்டார். ‘எல்லாரும்’ என்று நான் அழுத்திச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கவலை கூடியதே தவிரக் குறையவில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு மூன்று வீட்டில் தட்டு இருக்கும் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? ஒருவர் பெயர், ஒரு போன் நம்பர், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அப்புறம், பேனாவை மூடிக்கொண்டே, போகிறபோக்கில் கேட்பதுபோல் ஒன்று கேட்டார். “பிரகாஷ் மகளைப் பார்க்கச் சென்னைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கே தங்குவார்?”

“ஹோட்டலில்,” என்றேன் உடனே. நான் எதற்கும் உடனே பதில் சொல்லிவிடுவேன். பரீட்சைப் பழக்கம்.

“எந்த ஹோட்டல்? உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இனியா அங்கே இரவு தங்குவாளா? அவளை யார் கொண்டுபோய் விடுவார்கள்?”

நான் கோப்பைப் புரட்டினேன். பல் டாக்டர் எத்தனை நிமிட நடையில் இருக்கிறார் என்பதுவரை என் கோப்பில் இருந்தது. இனியாவின் அப்பா வந்தால் எங்கே உட்காருவார் என்பது இல்லை. அப்போதுதான் அந்த டீக்கடை எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனால், புருஷன்காரனுக்கென்று யாரும் ஏற்பாடு செய்வதில்லை, தேவைப்பட்டதில்லை. அவன் இரண்டு தெரு தள்ளித்தான் இருப்பான், சாயந்திரமானால் தெருமுனைக்குத் தானே வந்துவிடுவான். அதனால்தான் சேவியர் மாமா அவ்வளவு தாராளமாக ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று சொல்ல முடிகிறது. அந்த இரண்டு தெருவை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு சமுத்திரத்தை வைத்து, அதே வாக்கை நாங்கள் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டோம். அன்பாகத்தான் எழுதினோம். பிரகாஷ் மாமா பயந்ததும் அந்த அன்பைப் பார்த்துத்தான்.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. அக்காவைப் பற்றி நல்லவிதமாகவே இருந்தது. இனியாவுக்கு இரண்டு பேரும் வேண்டும் என்றிருந்தது. தாயின் குடும்பத்தார் பிள்ளையின் எதிர்காலத்தில் தகப்பனுக்கு இடம் இருப்பதாகக் கருதுவதாகத் தெரியவில்லை என்றும் ஒரு வரி. வக்கீல் அதன் கீழ் பென்சிலால் கோடிட்டு, “இது சரியாகாவிட்டால் நாம் தோற்போம்,” என்றார். தோற்றால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கா இனியாவை விட்டுவிட்டுப் போகமாட்டாள். எனக்கு விசா இன்னும் ஒரு வருஷம்தான். அதற்குப் பிறகு ராத்திரி ஷிப்டுக்கு அக்கா போனால் வீட்டில் இனியாவோடு யாரும் இல்லை. அப்படி நேர்ந்தால், பிள்ளை அப்பா வீட்டோடு கூடுதல் நாள் இருக்கட்டும் என்று உத்தரவு மாற நாளாகாது.

நான் பிரகாஷ் மாமாவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை உடனே பேசாமல், எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்.

“மாமா, நீங்க மெட்ராஸ் வந்தா எங்க தங்குவீங்க?”

“இன்னா, கோர்ட்டுக்கா கேக்குற?”

“எனக்கே கேக்குறேன்.”

“திருவொத்தியூர்ல அண்ணன் வூடு கீதே. மாடில என் ரூமு. ஐடிஐ பொஸ்தகம்கூட இன்னும் அங்கதான் கீது. போன மாசம் அண்ணன் ஃபேன் மாத்திட்டேன்னு சொல்லிச்சு.”

நான் ஆடிப்போய்விட்டேன். மாமாவுக்கு முருகன் என்று ஓர் அண்ணன் இருக்கிறார், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மோட்டார்சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், இது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீடு எங்கள் கணக்கிலேயே இல்லை. மாதா கோயில் வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறான் என்று அந்த வீட்டில் யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை. அதோடு இரண்டு குடும்பமும் முகம் பார்ப்பதில்லை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் தேரடி கால் மணி நேரம். நாங்கள் எட்டு வருஷமாகப் போகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மாமாவும் தன் மனுவில் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

“ஏன் மாமா எழுதல?”

“எழுதுனா உங்கக்காளுக்குல்ல சாதகம்? புள்ளைக்கு அங்க ரெண்டு பக்கமும் ஆளுகீதுன்னு ஆயிடும்.” சிரித்தார். பிறகு குரல் மாறிச் சொன்னார்: “அனுப்புறேன்னு நான் சொல்லல ஜெனி. புரிஞ்சுக்கோ. ஆனா அனுப்புனா நான் எங்க நிப்பேன், எப்ப நிப்பேன்னு எழுதிக் காட்டு. படிச்சுப் பாக்குறேன்.”

ஆகவே இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் இனியா திருவொற்றியூரில். ஏப்ரல், மே லீவில் மெல்பர்னில். டிசம்பரில் மாமா அங்கே, அண்ணன் வீட்டு மாடியில். தினம் பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒரு வீடியோ கால். இங்கே வரும் உத்தரவை அப்படியே சென்னைக் குடும்ப நீதிமன்றத்திலும் பதிவுசெய்து இன்னொரு உத்தரவாக வாங்க வழி இருக்கிறதாம். அங்கே ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறேன். இவ்வளவும் செய்தாலும் நீதிபதி முடியாது என்று சொல்லலாம். இதில் எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது, தன் வீட்டில் இதற்கெல்லாம் இடம் உண்டு என்று முருகன் அண்ணன் தரும் கடிதம். அதைத் தபாலில் கேட்க முடியாது. நேரில் போய்க் கேட்க வேண்டும். போகவேண்டியது ராயபுரத்தில் இருக்கும் அம்மா.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “சேந்து இருந்தப்பவே போகாத வூட்டுக்குப் பிரிஞ்சப்புறம் இன்னான்னுடி போறது?”

“பேத்திக்காகன்னு போம்மா.”

“அது சரி. கையில இன்னா எட்த்துனு போறது? தட்டு வச்சு எட்த்துனு போனா சேத்து வெக்க வந்துகீறாங்கன்னு நெனப்பாங்க. வெறுங்கையோட போனா சண்டைக்கு வந்துகீறாங்கன்னு நெனப்பாங்க. இதுக்கு ஒரு மொறை இருந்தா நீயே சொல்லு, படிச்சவ தானே.”

இதை வக்கீலிடமா கேட்பது? பிரகாஷ் மாமாவிடமே கேட்டேன். “மீனு கொண்டாரச் சொல்லு. காசிமேட்டு மீனுன்னா அண்ணிக்கு உசுரு. சங்கரா. ஆனா அன்னிக்குக் கிருத்திகை கீதான்னு பாத்துக்கச் சொல்லு, இல்லாட்டி வாசல்லயே நிக்க வெச்சிடுவாங்க.” அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் காலண்டர் பார்த்துவிட்டு வந்து, வருகிற ஞாயிறு ஒன்றுமில்லை என்றாள். முதல் பூசை முடித்து, சேவியர் மாமாவிடம் மீன் வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குத் தேரடி. சேவியர் மாமா கூட வருகிறேன் என்றாராம். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா சம்மதித்திருக்கிறாள்.

அங்கே பதினொன்று என்றால் இங்கே மூன்றரை. அந்த ஞாயிறு பிரகாஷ் மாமா எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து போனுக்கு முன்னால் எங்களோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்கா, “வரட்டும்,” என்றாள், ஒரே வார்த்தை. கதவு திறக்குமா, திறந்தாலும் உள்ளே கூப்பிடுவார்களா, தெரியாது. என்னால் முடிந்த ஒரு வேலையை இப்போதே தொடங்கிவிட்டேன். தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் இனியாவுக்குப் ‘பெரியப்பா’ என்று கூப்பிடச் சொல்லித்தருகிறேன். அவள் இதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்று காலை நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம், அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். உங்கப்பா மாதிரி இருக்கும் என்றேன், நானும் பார்த்ததில்லை.